கொட்டுக்குள் மூன்று குவியல்

முத்துக்குளித்துறையின் பழைய பகை ஒரு காதில் தொடங்கியதாகச் சொல்வார்கள். 1530-களில் முஸ்லிம் ஒருவர் பரவர் ஒருவரின் காதணியைக் காதோடு பிய்த்தார், பரவர்கள் பழிவாங்கினார்கள், எதிர்த்தரப்பு, பரவர் தலை ஒன்றுக்கு ஐந்து பணம் என்று விலை வைத்தது. போர்த்துக்கீசியர் எழுதி வைத்த கதை இது. காது பிய்ந்ததோ இல்லையோ, சண்டையின் வேர் கடலடியில் கிடந்தது. சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, யார் குத்தகை எடுப்பது, யார் கூலிக்கு மூழ்குவது, வரும் முத்தில் யாருக்கு எவ்வளவு என்பதுதான் தூத்துக்குடிக்கும் புன்னைக்காயலுக்கும் காயல்பட்டினத்துக்கும் இடையே புகைந்துகொண்டிருந்தது.

பரவர்கள் சமாதானம் தேடிப் போகவில்லை, பாதுகாப்புத் தேடிப் போனார்கள். குதிரை வணிகரான ஜோவா ட குரூஸ் என்பவர் கோழிக்கோட்டுக்காரர். லிஸ்பன்வரை போய் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியவர். போர்த்துக்கீசியரை அண்டுங்கள் என்று வழி சொன்னவர் அவரே. 1535-இல் பரவர் தலைவர்களான பட்டங்கட்டிகள் சிலர் கொச்சிக்குச் சென்று கிறிஸ்தவரானார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடற்கரையோரம் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றதாகக் கணக்கு. 1538-இல் வேதாளையில் போர்த்துக்கீசியக் கப்பற்படை, கோழிக்கோட்டு மன்னர் சாமூத்திரியின் பக்கம் நின்ற மரக்காயர் படையை முறியடித்தது. பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையில் கால்வைத்தது அதற்கும் பிறகு, 1542-இல். படை முந்தி வந்தது, பாதிரியார் பிந்தி வந்தார்.

இனி பரவரும் முஸ்லிம்களும் ஒரே கடலில் இறங்கவே மாட்டார்கள் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். சிப்பி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

முத்துச்சிப்பி ஆண்டுதோறும் கிடைக்கும் சரக்கு அல்ல. மன்னார் வளைகுடாவில் ‘பார்’ எனப்படும் கடலடித் திட்டுகளில் குஞ்சுகள் வந்து ஒட்டினால் உண்டு, ஒட்டாவிட்டால் இல்லை. நாலைந்து வயதில் முத்து விளையும். அதற்குமேல் ஓரிரு ஆண்டு விட்டுவைத்தால் சிப்பியே செத்துவிடும். ஆகவே பல ஆண்டு வெறுமைக்குப் பிறகு ஒரு பார் முற்றியதென்றால், மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடல் அமைதியாக இருக்கும் சில வாரங்களுக்குள் எடுத்தாக வேண்டும். அதற்குக் கரையில் உள்ள அத்தனை தோணியும், மூச்சடக்கத் தெரிந்த அத்தனை பேரும் தேவைப்பட்டார்கள். பரவர் மட்டும் போதவில்லை, கீழக்கரை முஸ்லிம்கள் மட்டும் போதவில்லை.

1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் இதை விரைவில் புரிந்துகொண்டார்கள். பரவர்களைத் தங்கள் சபைக்கு இழுக்க டச்சுப் போதகர் பால்டேயஸ் முயன்று தோற்றார். டச்சுக் கம்பெனிக்கு முத்துதான் முக்கியம். அதனால் பரவர்களின் சாதித் தலைவருக்கும் மரியாதை, முஸ்லிம் தலைவர்களுக்கும் மரியாதை என்று ஏற்பாடாயிற்று. பேரத்தின் அலகு ‘கல்’. மூழ்குபவர் காலில் மிதித்துக்கொண்டு இறங்கும் கல் அது. ஒரு கல்லுக்கு இருவர், ஒருவர் மூச்சுவாங்க மற்றவர் இறங்குவார். கல்லுக்கு இவ்வளவு என்று வரி. மதுரை நாயக்கருக்கு, சேதுபதிக்கு, பட்டங்கட்டிகளுக்கு, முஸ்லிம் தலைவர்களுக்கு என்று வரியில்லாக் கற்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் கிறிஸ்தவக் கல் எத்தனை, முஸ்லிம் கல் எத்தனை என்றுகூடப் பிரித்து எழுதினார்கள்.

இதைச் சமத்துவம் என்று கொண்டாட முடியாது. வரி கட்டிய கற்களில் முஸ்லிம் கிறிஸ்தவரைவிட அதிகம் கட்டினார். ஆனாலும் தன் பங்கு ஏட்டில் ஏறியிருக்கிறது, குறைந்தால் கேட்க ஓர் இடம் இருக்கிறது என்ற நிலை, தலைக்கு விலை வைத்த காலத்தோடு ஒப்பிட்டால் சிறிய விஷயமல்ல.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தப் பங்கீடு இன்னும் கூர்மையாயிற்று. எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு மூழ்கியவர்களுக்கு. விகிதம் கொடுமையானதுதான், பிரித்த விதத்தில் மட்டும் ஒரு நேர்த்தி இருந்தது. தோணிகள் கரையேறியதும் சிப்பி மூட்டைகள் ‘கொட்டு’ எனப்படும் வேலியடைத்த கொட்டகைக்குள் போகும். அங்கே தோணிக்காரர்களே தங்கள் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். எந்த இரண்டு அரசுக்கு என்பதை அதிகாரி கைகாட்டுவார். அண்ணன் வெட்டிய மாங்காயில் தம்பி முதலில் எடுப்பது போலத்தான். எது தனக்கு மிஞ்சும் என்று தெரியாதவன் எந்தக் குவியலையும் சிறிதாக்க மாட்டான். பரவர், லெப்பை, அரபு நாட்டார் என்று யாராக இருந்தாலும் அதிகாரியை நம்பவோ நேசிக்கவோ வேண்டியதில்லை, முறையை நம்பினால் போதும். அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் போகும். குளித்தவர்கள் தங்கள் பங்கைக் கொட்டு வாசலிலேயே சில்லறையாக விற்றுவிடுவார்கள்.

சுறாவை மந்திரத்தால் கட்டும் வேலையிலும், ஆள் யாரென்று பாராமல் முறையை நம்பும் இதே மனநிலையைக் காணலாம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, பெரிய மீன்களை மந்திரத்தால் கட்ட பிராமணர்களை அழைத்துச் சென்றதையும், அவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்ததையும் எழுதியிருக்கிறார். அரசனுக்குக் கிடைத்ததே பத்தில் ஒன்றுதான். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைச் சலாபங்களைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட் காலத்தில் சுறாவைக் கட்டும் பரம்பரைக் ‘கடல்கட்டி’ ஒரு ரோமன் கத்தோலிக்கர். தோணியில் இருந்தவர்களுக்கு அது உறுத்தவில்லை. சுறா வரக்கூடாது, அவ்வளவுதான்.

தூத்துக்குடித் தோணிகள் வளைகுடாவின் அக்கரையான இலங்கைக்கும் போயின. மன்னாருக்குத் தெற்கே சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் சலாபக் காலத்தில் மட்டும் ஒரு நகரம் முளைக்கும்: ஓலைக் கொட்டகைகள், கடைத்தெரு, நீதிமன்றம், மருத்துவமனை. 1905-இல் அங்கே எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டுச் சலாபத்தில் வேலை பார்த்த இளம் அதிகாரிகளில் ஒருவர் லியோனார்டு வுல்ஃப். எழுத்தாளர் வர்ஜீனியாவை அவர் மணந்தது பிற்பாடு. தமிழர், முஸ்லிம்கள், அரபிகள், செட்டியார்கள் நெருக்கியடித்த அந்த மணல்வெளியில் ஆளெண்ணிக்கையோடு பார்த்தால் காவலர்கள் மிகச் சொற்பம். 1907-க்குப் பிறகு பார்கள் மீண்டும் வெறுமையாயின. தூத்துக்குடிப் பக்கம் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிச் சலாபம்.

நகரம் கலைந்தாலும் மரிச்சுக்கட்டி என்ற முஸ்லிம் ஊர் இருந்தது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியும் தப்பவில்லை. மாகாணம் முழுவதும் வெளியேறியவர்கள் 70,000-க்கும் மேல். பெரும்பாலோர் புத்தளத்தில் முகாம்களில் தங்கினார்கள். உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு இலங்கை அரசு அமைத்த ‘கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு’ 2011-இல் அளித்த அறிக்கையில் இவர்களின் மீள்குடியேற்றத்தையும் பேசியது.

திரும்பி வந்தவர்களுக்குக் கிடைத்தது காடு மண்டிய நிலம். இருபது ஆண்டில் வயலும் வீட்டுமனையும் புதராகியிருந்தன. 2012-இல் மரிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதியை வனமாக அறிவித்து அரசிதழ் வந்தது. திரும்பியவர்கள் பக்கத்து வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள் என்று தென்னிலங்கையில் ஒரு கூச்சல், இது எங்கள் பூர்வீக நிலம் என்று முசலியில் ஒரு கூச்சல். 2017-இல் இன்னோர் அரசிதழ், மாவில்லு வனம் என்ற பெயரில். எல்லைக்கோட்டை வரைந்ததும் அரசு, எந்தப் பக்கம் யாருக்கு என்று சொன்னதும் அரசு. கொட்டுக்குள் இருந்த வெள்ளைக்கார அதிகாரிக்குக்கூட குவியலைத் தானே பிரிக்கும் உரிமை இருந்ததில்லை.