கதிர்களின் கதை – 4: தாளைத் தாண்டாத கதிர்

சென்ற வாரம் பெக்கரலின் மேசை இழுப்பறையோடு நிறுத்தியிருந்தோம். 1896 மார்ச் 1, பாரிஸ். வெயிலே படாமல் கிடந்த போட்டோ தகட்டில் யுரேனிய உப்பின் நிழல் அழுத்தமாகப் பதிந்திருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து மேரி கியூரி அதற்குக் கதிரியக்கம் என்று பெயர் சூட்டினார். ஆனால், அந்த உப்பு வீசியது என்ன?

நியூசிலாந்திலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் படிக்க வந்திருந்த எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு மிக எளிய வழியொன்றைப் பிடித்தார். யுரேனியத்தின் மேல் மெல்லிய அலுமினியத் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனார். சில தாள்களிலேயே வீச்சின் பெரும்பகுதி அடங்கிவிட்டது. மிஞ்சியதோ இன்னும் பல தாள்களைத் துளைத்துச் சென்றது. அப்படியென்றால் வருவது ஒன்றல்ல, இரண்டு! எளிதில் அடங்குவதை ஆல்பா என்றும், துளைத்துப் போவதை பீட்டா என்றும் 1899-இல் எழுதினார். இன்னதென்று தெரியாதவற்றுக்குக் கிரேக்க எழுத்து வரிசையில் வைத்த அடையாளக் குறிகள் அவை. 1900-இல் பால் வில்லார் மூன்றாவதாக ஒன்றைக் கண்டார். காந்தத்துக்கும் வளையாத அது பின்னாளில் காமா ஆயிற்று.

பீட்டா சீக்கிரமே பிடிபட்டது. அது வேகமாகப் பாயும் எலக்ட்ரான். காமா, எக்ஸ் கதிரின் நெருங்கிய சொந்தம்.

ஆல்பாதான் ரூதர்ஃபோர்டைப் பத்தாண்டு அலைக்கழித்தது. காற்றில் சில சென்டிமீட்டர் போவதற்குள் ஓய்ந்துவிடும்; ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாது. (மூச்சோடு உடலுக்குள் போய்விட்டால் மட்டும் மற்ற இரண்டையும்விடப் பொல்லாதது.) எலக்ட்ரானைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கனம், நேர் மின்னூட்டம். இன்னொரு தடயமும் கையில் இருந்தது: 1895-இல் வில்லியம் ராம்சே பூமியில் முதன்முதலாக ஹீலியம் வாயுவைப் பிரித்தெடுத்தது ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து. கல்லுக்குள் வாயு எப்படிக் குடிபுகுந்தது?

1908, மான்செஸ்டர். ரூதர்ஃபோர்டும் தாமஸ் ராய்ட்ஸ் என்ற இருபத்து நான்கு வயது மாணவரும் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்தார்கள். கண்ணாடி ஊதுவதில் தேர்ந்த ஓட்டோ பௌம்பாக், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாத குழாய் ஒன்றைச் செய்து தந்தார். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் பாதிப் பெருமை அவருடைய மூச்சுக்குத்தான். அந்தக் குழாய்க்குள் ஆல்பாவை உமிழும் ரேடான் வாயுவை அடைத்தார்கள். வாயு வெளியே கசிய முடியாது. பாய்ந்து வரும் ஆல்பா மட்டும் சுவரைத் துளைத்து, காற்று நீக்கப்பட்ட வெளிக்குழாயில் போய்ச் சேரும். அங்கே மின்சாரம் பாய்ச்சி நிறமாலையைப் பார்த்தார்கள். இரண்டு நாளில் ஹீலியத்துக்கே உரிய மஞ்சள் கோடு தெரிந்தது. ஆறு நாளில் அதன் முக்கியமான கோடுகள் ஏறக்குறைய எல்லாமே வந்துவிட்டன. வெறும் ஹீலியத்தை உள்குழாயில் அடைத்தும் சோதித்தார்கள். ஒரு துளியும் கசியவில்லை. சந்தேகத்துக்கு இடமே இல்லை. எலக்ட்ரான்களை இழந்த ஹீலியம்தான் ஆல்பா. அதை உமிழும் யுரேனியம் தோரியமாக மாறிவிடுகிறது. தனிமங்கள் ஒருநாளும் மாறாதவை என்ற பழைய நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

அந்த மஞ்சள் கோட்டுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது, மசூலிப்பட்டினத்தில் சூரியனின் நிறமாலையில் அந்தக் கோட்டைப் பார்த்தவர்களில் ஒருவர் சென்னை வானாய்வுக்கூடத்தின் நார்மன் பாக்சன். பின்னர் அந்தக் கூடத்தின் பணிகள் கொடைக்கானல் மலைக்கு மாறின. 1911-இல் அங்கே உதவி இயக்குநராக வந்து சேர்ந்தவர் வேறு யாருமல்ல, அதே தாமஸ் ராய்ட்ஸ். 1923 முதல் 1937 வரை இயக்குநராகவும் இருந்து சூரியனின் நிறமாலையை ஆராய்ந்தார்.

வகுப்பில் ஆல்பாவைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரூதர்ஃபோர்டின் பெயரோடு, நம் கொடைக்கானலில் உழைத்த ராய்ட்ஸின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

(தொடரும்)