சாமானியனுக்கான எக்காளம்

உயர்ந்த கலை எவருக்கு உரியது என்ற வினா கலை வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுவதாகும். பிரித்தானியாவில் 1970ஆம் ஆண்டு தோன்றிய எமர்சன், லேக் அன்ட் பாமர் என்னும் றொக் இசைக்குழுவின் வரலாறு, இவ்வினாவுக்கு ஒரு விடையையும் கூடவே ஓர் எச்சரிக்கையையும் தருகின்றது.

நிலக்கரிக்கும் கப்பற் கட்டுமானத்துக்கும் பேர்பெற்ற நியூகாசில் நகரின் மண்டபத்தில், 1971 மார்ச் 26ஆம் திகதி, இம்மூவரும் ருஷ்ய இசைமேதை முஸோர்க்ஸ்கி 1874இல் இயற்றிய ‘கண்காட்சிச் சித்திரங்கள்’ என்னும் பியானோ ஆக்கத்தைத் தம் பாணியில் வாசித்தனர். மறைந்த நண்பர் ஹார்ட்மனின் ஓவியங்களை நினைந்து முஸோர்க்ஸ்கி யாத்த படைப்பு அது. கனவான்களின் கச்சேரிகளுக்கே உரியதெனக் கருதப்பட்ட அவ்விசையை ஓர்கனும் கிற்றாரும் மேளமும் இளைஞரிடம் கொண்டு சேர்த்தன. அதன் இசைத்தட்டு பிரித்தானியாவில் மலிவு விலையில் விற்கப்பட்டது. இது கலையைக் கொச்சைப்படுத்துவதாகும் என்றனர் விமர்சகர் சிலர். ஆனால் முஸோர்க்ஸ்கியே ருஷ்ய நாட்டார் பாடல்களிடம் கற்றவர். மக்களிடம் பெற்றது மக்களிடமே மீண்டது.

எனினும் கடன் பெறுவோர்க்குக் கடமையும் உண்டு. அக்குழுவின் முதல் இசைத்தட்டிலே (1970) பார்ட்டொக், யனாச்செக் ஆகியோரின் ஆக்கங்கள் எடுத்தாளப்பட்டன. முதற் பதிப்பிலோ அவர்தம் பெயர்கள் இல்லை. கலை பொதுச்சொத்து என்பது, படைத்தவனின் பெயரை மறைக்கும் உரிமையன்று.

அமெரிக்க இசையாளர் ஆரன் கோப்லண்ட், உலக யுத்தத்தின் நடுவே, 1942இல் ‘சாமானியனுக்கான எக்காளம்’ என்னும் ஆக்கத்தை இயற்றினார். இடதுசாரிச் சார்புக்காக 1953இல் மக்கார்த்தியின் குழுவினால் விசாரிக்கப்பட்டவரும் அவரே. அவரது அனுமதியுடன் 1977இல் இக்குழு அதனை வாசித்தது. அது பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தை எட்டியது. ஆயின் அதற்கான படம், மொன்றியல் ஒலிம்பிக் அரங்கிலே, பனி மூடிய வெற்று இருக்கைகளின் நடுவே பிடிக்கப்பட்டது. சாமானியனுக்கான எக்காளம் முழங்கியது. சாமானியனைத்தான் அங்கே காணவில்லை!

அதே ஆண்டு முழு வாத்தியக்குழுவொன்றுடன் புறப்பட்ட அவர்கள், செலவு தாங்காது சில வாரங்களுள் அதைக் கைவிட்டனர். மலிவு இசைத்தட்டில் மக்களை நாடிய கலை, ஆறே ஆண்டுகளில் ஆடம்பரக் காட்சியாய் மாறியிருந்தது. மூன்றே சுரக்கூட்டுகளுடன் எழுந்த பங்க் இளைஞர் இவ்வாடம்பரத்தையே எள்ளினர்.

எமர்சனும் லேக்கும் 2016இல் மறைந்தனர். அவர்கள் திறந்த கதவு மூடப்படவில்லை. றொக் வழியாக முஸோர்க்ஸ்கியை அடைந்தோர் பலர். கலையை மக்களிடம் கொண்டு செல்வது அரைப்பணியே. அதனை மக்களிடமிருந்து மீண்டும் சந்தை பறித்துச் செல்லாது காப்பதே எஞ்சிய பாதி.