பிறந்த வீட்டுப் பங்கு

பெண்ணை அடித்த கைக்குக் காரணம் கேட்டால் குடி என்பார்கள், கோபம் என்பார்கள், மாமியார் என்பார்கள். அடிபட்டவள் ஏன் அவ்வீட்டைவிட்டு வெளியேறவில்லை என்று கேட்கும்போதுதான் வரலாறு வாய் திறக்கிறது. போவதற்கு அவளுக்கு வேறு வீடு இல்லை.

இக்குறையைத் தீர்மானமாகவே எழுதிவைத்த ஊர் நமக்கு அயலன்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டுமென்றது. அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவையே. திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது 1997இல்தான்.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. மறு ஆண்டு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாது இறந்த தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சமபங்கு தந்தது. கூட்டுக்குடும்பச் சொத்தின் பிறப்புரிமையோ மகனிடமே நின்றது. 'அவளுக்குத்தான் நகையும் சீரும் கொடுத்தாயிற்றே' என்ற பழைய சமாதானம் அப்படியே பிழைத்துக்கொண்டது. நகை கணவன் வீட்டுக்குப் போயிற்று. நிலம் தமையன்மாரிடம் தங்கிற்று. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தபின், வயல்கள் மனைகளாயின. நிலத்தின் விலை ஏறியது. நிரந்தர வேலையிலுள்ள மாப்பிள்ளையின் விலையும் உடன் ஏறியது.

1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. 1983இல் கணவன் வீட்டாரின் கொடுமையும், 1986இல் வரதட்சணை மரணமும் தனிக்குற்றங்களாயின. இவை யாவும் அடி விழுந்தபின் வருபவை. அடியின் வேரைத் தொட்டது, 1989 மார்ச் 25 முதல் நடைமுறை கொண்ட தமிழகத் திருத்தம்தான். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை வந்தது. ஆனால் அந்நாளுக்கு முன் மணமானவர்களுக்கு இல்லை. மணமான மகளையும் சட்டம் மகளாக ஏற்க 2005 ஆகவேண்டியிருந்தது.

நம் கவியரங்குகளில் முதிர்கன்னியையும் ஜன்னல் கம்பியையும் எத்தனை முறை பாடியிருப்போம்! நானும் பாடியவன்தான். பட்டாவைப் பற்றி ஒருவரும் பாடியதாக நினைவில்லை. அது கவிதைக்குரிய பொருளன்று என்று கருதிவிட்டோம் போலும்.

இன்றும் பத்திரப்பதிவு அலுவலகத்து வாசலில், தமையனின் முகம் வாடக்கூடாதென்று தன் பங்கை எழுதிக்கொடுக்கும் தங்கைமார் நிற்கிறார்கள். ஆவண எழுத்தர் அதற்கு 'விடுதலைப் பத்திரம்' என்று தலைப்பிடுகிறார். ஒப்பமிட்டவள் பின்னொரு நாள் உடம்பில் காயத்தோடு பிறந்த வீட்டுக்கு வந்தால், இரண்டு நாள் விருந்தாளியாக இருக்கலாம். மூன்றாம் நாள் அண்ணியார், எப்போது புறப்படுகிறாய் என்று மெல்லக் கேட்பார்.