களவும் சான்றும்



களவு போன பொருளை மீட்க நம் முன்னோர் என்ன செய்தனர்? நான் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பித்த திருக்கழுக்குன்றம் பழைய செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்தது. அச்சீமையின் ஊர்களில் தலையாரியும் காவற்காரரும் இருந்தனர். விளைச்சலில் ஒரு பங்கு அவர்களுக்குரிய ஊதியம். திருட்டு நிகழின் கள்வனைக் கண்டுபிடிக்க வேண்டும். இயலாவிடில் பொருளின் மதிப்பைத் தாமே ஈடுசெய்ய வேண்டும் என்பதே காவல் முறையின் அடிப்படை. கள்வனின் அடிச்சுவட்டைப் பற்றிச் செல்வதே அன்றைய புலனாய்வு.

நல்ல முறைதான், ஆயினும் நாளடைவில் அது பழுதுற்றது. காவலின் பெயரால் பாளையக்காரர் சிலர் குடிகளை வருத்திப் பணம் பெற்றனர். கும்பினி ஆட்சியில் அவர்களது காவலுரிமை பறிக்கப்பட்டது. 1816-இல் வரி தண்டும் தாசில்தாரிடமே போலீஸ் அதிகாரமும் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் துன்பம் தீர்ந்ததா? இல்லை. வரிக்காகவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் மக்கள் சித்திரவதைக்கு உள்ளாயினர் என்பதைச் சென்னை மாகாணத்தில் அமைந்த விசாரணைக் குழு 1855-இல் வெளிப்படுத்தியது. அதன் பின்னரே, 1859-ஆம் ஆண்டின் சட்டத்தால், வருவாய்த் துறையினின்றும் வேறான போலீஸ் படை உருவாயிற்று.

1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. போலீசாரிடம் ஒருவன் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கெதிராக மெய்ப்பிக்கலாகாது என்று அது விதித்தது. அவன் சொல்லிய செய்தியால் களவுப் பொருள் கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டெடுப்பைப் பற்றிய பகுதி மட்டுமே ஏற்கப்படும். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இந்நெறியைக் கைவிடவில்லை. ஆகவேதான் முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் முன்னிலையில் எழுதப்படும் மகசர், கைரேகை, அடகுக்கடைக் கணக்கு ஆகியவற்றைப் போலீசார் நாடுகின்றனர்.

இத்தகைய சான்றின் வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலில் இருந்த சோழர்கால நடராசர் திருமேனி 2006-இல் களவு போயிற்று. ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அதனை ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. அத்திருமேனி கோயிலில் இருந்தபோது எடுக்கப்பட்ட புகைப்படம் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. 2014-இல் நடராசர் தாயகம் திரும்பினார். பாதுகாத்து வைத்த படம் கடல் கடந்த பொருளை மீட்க உதவியது.

நண்பர்களே, சந்தேகத்தின் பேரில் ஓர் ஏழையைக் கட்டிவைத்து அடித்தார்கள் என்ற செய்தி இன்றும் காதில் விழுகிறது. அடிக்கு அஞ்சியவன் செய்யாததையும் செய்தேன் என்பான், மெய்க்கள்வனோ தப்பிவிடுவான். அடிச்சுவடும் கைரேகையும் புகைப்படமும் அடிக்கு அஞ்சிப் பேசுவன அல்ல. பொறுமையுடன் அவற்றைத் தேடுவதே பொருளை இழந்தவனுக்கும் பழி சுமந்தவனுக்கும் ஒருங்கே நீதி வழங்கும் வழியாகும்.