நிலமும் குடிவழியும்: தாம்பரம் வட்டார ஆவணங்களை முன்னிட்டுச் சில குறிப்புகள்

குடிவரலாறு ஆராயப் புகுவோர் மேனாட்டு நெறியைப் பின்பற்றி முதற்கண் மக்கட்கணக்கை நாடுதல் இயல்பு. இங்கிலாந்தில் பழைய கணக்கெடுப்பின் வீட்டுப் பதிவுகள் ஆளின் பெயர், அகவை, பிறந்த ஊர் ஆகியவற்றுடன் காக்கப்பெற்று, நூறாண்டு கழிந்தபின் எவரும் காணுமாறு திறந்துவிடப்படுகின்றன. நம் நாட்டு நிலை வேறு. சென்னை மாகாணத்தில் 1871-ஆம் ஆண்டிலேயே முறையான கணக்கெடுப்பு நடைபெற்றதாயினும், நமக்கு எஞ்சியவை தொகைகளே, பெயர்கள் அல்ல. 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவும் படிவங்களைத் தனியார் பார்வையிடுதலைத் தடுக்கின்றது. எனவே சேலையூரிலோ இரும்புலியூரிலோ வாழ்ந்த ஒருவருடைய பாட்டனாரைக் கணக்கெடுப்பு அறிக்கையில் தேடுவார் வெறுங்கையோடு மீளுதல் உறுதி. இத்தனை வீடு, இத்தனை ஆண், இத்தனை பெண் என்பதற்கு மேல் அஃது ஒன்றும் கூறாது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பார் செங்கற்பட்டு ஜாகீர் முழுதும் எடுத்த ஊர்க்கணக்கும் பெரும்பாலும் இத்தன்மையதே. இன்ன வகுப்பார்க்கு இத்தனை வீடு என்னும் அளவில் அது நின்றுவிடுகின்றது.

இவ்வட்டாரத்தில் பெயர்கள் நிலத்தைப் பற்றிக்கொண்டே கிடக்கின்றன என்பது எம் கருத்து. தொண்டை மண்டலத்துக் காணியாட்சி உரிமையை ஆராய்ந்த எல்லிஸ் துரை 1818-இல் வெளியிட்ட நூல், காணி கைமாறியதை இந்நாட்டார் எழுத்தில் பொறித்துவந்த மரபுக்குச் சான்று பகரும். 1864-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் வந்தபின் அம்மரபு அரசின் புத்தகங்களுள் புகுந்தது. சார்பதிவாளர் அலுவலகத்து முதற் புத்தகம் நிலம், மனை பற்றிய ஆவணங்களுக்குரியது. மூன்றாம் புத்தகம் உயில்களுக்குரியது. இன்றும் செயலில் உள்ள 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி முதற் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி எவரும் காணலாம். உயிலின் படியோ, எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கும் அவர்தம் முகவருக்குமே கிடைக்கும். அவர் இறந்தபின் வேண்டுவோர் எவரும் பெறலாம். ஆராய்வோர் பலர் இவ்வுரிமையை அறியாமல் மூன்றாம் புத்தகத்தை நாடாதே விடுகின்றனர்.

உயில் பற்றி ஒன்று கூறல் வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்து எஞ்சியிருப்பார்க்குத் தானே சேர்ந்த காலத்தில், உயில் எழுத வேண்டிய தேவை எல்லார்க்கும் இருந்ததில்லை. சுயார்ச்சிதம் உடையவர், மகப்பேறில்லாதவர், தத்தெடுத்தவர் போன்றோரே பெரும்பாலும் எழுதினர். ஆதலின் உயில் கிடைத்த இடத்தில், அக்குடியின் வாழ்வில் ஏதோ ஒரு மாற்றம் நேர்ந்தது என ஐயுறுதல் தகும். மகளிர் பெயரும் ஆங்கே கிடைக்கும். 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்திற்கு முற்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரம் உடன்பிறந்த ஆண்மக்களை மட்டும் வரிசைப்படுத்தும். மகளின் பெயரை அறியத் தந்தையின் உயிலையோ தான செட்டில்மென்டையோ தேட வேண்டியிருக்கும்.

ஆயின் உயில் கிடைக்காமையால் உயிலே இல்லை எனத் துணிதல் கூடாது. 1870-ஆம் ஆண்டு இந்து உயில் சட்டம் சென்னை நகரெல்லைக்குள் எழுத்தையும் சாட்சியையும் புரொபேட்டையும் வேண்டியது. நகருக்குப் புறம்பான சைதாப்பேட்டைத் தாலுகாவின் ஊர்களிலோ, 1927-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் வரை இந்துக்கள் வாய்மொழியாகச் செய்த உயிலும் செல்லுபடியாயிற்று. தாம்பரத்தில் வயலும் மயிலாப்பூரில் வீடும் உடைய ஒருவரது உயில் உயர்நீதிமன்றக் கட்டில் இருத்தல் கூடும். தாம்பரத்தில் மட்டும் நிலம் வைத்திருந்த அவர் பங்காளியின் உயில் காற்றோடு போயிருத்தல் கூடும்.

அடுத்து வருவது பெயர் மயக்கம். பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். முருகேசன் மகன் குப்புசாமி, குப்புசாமி மகன் முருகேசன் என ஒரு குடி மாறி மாறிப் பெயரிடுவதாகக் கொள்வோம். பழைய ஓலையோ பதிவுபெறாத சிறு கிரயச் சீட்டோ (நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்திற்குப் பதிவு கட்டாயமாய் இருந்ததில்லை) பிரபவ வருடம் என்று மட்டும் குறித்தால், அது 1867-ஆ 1927-ஆ? பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையிலான கால அளவு ஏறத்தாழ அறுபதாண்டுச் சுற்றோடு ஒத்துவருவதால் பிழை எளிதில் புகும். பசலியாண்டு குறிக்கப்பட்டிருப்பின் மயக்கமில்லை. பசலி 1302 என்பதோடு 590 கூட்டினால் 1892 கிடைக்கும். அவ்வாண்டு ஜூலையில் அப்பசலி தொடங்கும்.

1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் இவ்வழியெங்கும் வயல்கள் மனைகளாயின. மனை வாங்கியோர் உரிமையின் மூலத்தை வினவவே, விற்றவரின் தந்தை, பாட்டன், அவர்தம் பாகப்பிரிவினை, முன் பத்திரங்களின் எண் ஆகிய அனைத்தும் புதிய பத்திரத்துள் எழுதப்பெற்றன. குரோம்பேட்டை வீடொன்றின் இரும்புப் பெட்டியில் உறங்கும் மனைப் பத்திரத்தில், அவ்வீட்டார் முகமறியாத ஓர் உழவர் குடியின் மூன்று நான்கு தலைமுறை காணப்படுதல் உண்டு. விற்றுவிட்டுப் போன குடியினரிடம் அத்தாள் இராது! தம் வழிமுறையை அறிய விரும்புவோர் தம் முன்னோர் நிலத்தில் இன்று குடியிருப்பவர் கதவைத் தட்ட வேண்டியவராகின்றனர். அவ்வாறு செல்வோர் ஊர்ப்பெயரில் விழிப்பாயிருத்தல் வேண்டும். குரோம்பேட்டை என்பது இருபதாம் நூற்றாண்டில் தோல் ஆலையால் வந்த பெயர். பழைய பத்திரத்தில் ஜமீன் பல்லாவரம் போன்ற வருவாய்க் கிராமத்தின் பெயரே நிற்கும். மேலைத் தாம்பரத்தார் கடப்பேரி, புலிக்கொரடு என்னும் பெயர்களையும் தேடுதல் வேண்டும்.

இதுகாறும் கூறியன நிலமுடையாரைப் பற்றியவை. அந்நிலத்தை உழுத சேரி மக்களின் நிலை என்ன? 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமைக்கு நீதிமன்றத் துணையை விலக்கும் வரை, அவருட் பலர் ஆவணத்தில் இடம்பெற்றது விற்பவராகவோ வாங்குபவராகவோ அன்று, விற்கப்படும் பொருளாகவே. செங்கற்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர் 1891-இல் அவர்தம் நிலைபற்றி விரிவான அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாளிட்ட 1010-ஆம் எண் அரசாணை அவர்க்கு நிலம் ஒதுக்க வழிசெய்தது. இன்று பஞ்சமி நிலம் என வழங்குவது அதுவே. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் அந்நிலம் பற்றி எழுந்த போராட்டத்தில் 1994-இல் செங்கற்பட்டுத் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இவ்வேடுகளைப் புலவர்க்குரிய பழம்பொருள் எனக் கொள்ளலாகாமைக்கு அதுவே சான்று.

ஆகவே இக்குடிகளின் வரலாற்றைத் தேடுவோர் பதிவு அலுவலகத்து முதற் புத்தகத்தில் தொடங்குதல் பயன்தராது. தாலுகா அலுவலகத்து ‘அ’ பதிவேட்டிலும், பசலி 1302-க்குப் பிற்பட்ட தர்க்காஸ்து ஆவணங்களிலும் தொடங்குதல் வேண்டும். அவற்றுக்கும் முற்பட்ட சுவடு வேண்டுமெனின், மிராசுதாரர் பத்திரங்களின் நான்கெல்லை விவரத்தைப் பார்க்கலாம். கிழக்கே இன்னான் குடிசை, வடக்கே இன்னான் பயிரிடும் புஞ்சை என்னும் அளவில் சில பெயர்கள் ஆங்கே அகப்படுகின்றன.