செஞ்சிக் கோட்டை

செஞ்சிக் கோட்டை, விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையை ஒட்டியுள்ள மலைக்கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை நெடுமதில்கள் இணைக்கின்றன. மிக உயர்ந்தது ராஜகிரி. சுமார் 800 அடி.

தொடக்கம்: 1200-ஐ ஒட்டி ஆனந்தக்கோன் என்ற இடையர் தலைவர் கோட்டைக்கு அடியிட்டார் என்பது மெக்கன்சி சுவடித் தொகுப்பில் உள்ள வரலாறு கூறும் செய்தி. இதைச் செவிவழி மரபாகவே கொள்வாரும் உண்டு.

நாயக்கர் காலம்: விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் ஆண்டபோது கோட்டை பெரும்பாலும் இன்றைய வடிவைப் பெற்றது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த ஏசு சபைத் துறவி பிமெந்தா, நகரின் பரப்பைக் கண்டு வியந்து எழுதினார். கல்யாண மகால், நெற்களஞ்சியம், வெங்கடரமணர் கோயில் ஆகியவை இக்காலத்தவை என்பர். கல்யாண மகாலின் நடுவே அடுக்கடுக்காக உயரும் கோபுரத்தின் மேல்தளங்களுக்குச் சுடுமண் குழாய்களில் தண்ணீர் ஏற்றப்பட்டது. அடிவாரத்தில் சக்கரைக்குளமும் செட்டிக்குளமும் உண்டு. மலைமேல் சுனை உண்டு. இந்த நீர்வளம் இல்லாமல் நீண்ட முற்றுகைகளைக் கோட்டை தாங்கியிருக்க இயலாது.

மராட்டியரும் முகலாயரும்: 1649 அளவில் பீஜப்பூர் வசமான கோட்டையை 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். பன்னிரண்டு ஆண்டுகளில் அதுவே அவர் மகன் ராஜாராமுக்குப் புகலிடமாயிற்று. மகாராஷ்டிரத்தை விட்டுத் தப்பிய ராஜாராம் 1689 இறுதியில் செஞ்சி வந்து, இங்கிருந்தே அரசை நடத்தினார். 1690-இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டார். மூன்று குன்றுகளையும் ஒருசேர வளைக்க அவரிடம் படை போதவில்லை. மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் குதிரைப்படைகள் தானிய வரத்தை அறுக்கவே, முகலாயர் 1693 தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கினர். பிறகு முற்றுகை மீண்டும் தொடர்ந்தது. சுல்பிகர் கான் வேண்டுமென்றே காலம் கடத்தினார் என்பது அக்காலத்தவர் குற்றச்சாட்டு. படைத்தொழில் சிக்கல்களே காரணம் என்போரும் உளர். கோட்டையிலிருந்து ராஜாராம் தப்பிய நாள் 1697 இறுதி என்றும் 1698 தொடக்கம் என்றும் இருவிதமாகக் குறிக்கப்படுகிறது. 1698-இல் கோட்டை வீழ்ந்தது.

அரண் அமைப்பு: ராஜகிரி உச்சிக்குக் கீழே சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள பிளவு குறுக்கிடுகிறது. அதன் மேலுள்ள பாலத்தை எடுத்துவிட்டால் வாசலை அணுக வழியில்லை. ஒரு சிறு காவற்படையே அதைக் காத்துவிடலாம்.

தேசிங்கு: முகலாயர் கீழ் செஞ்சியை ஆண்ட சொரூப்சிங்கின் மகன், தேசிங்கு எனப்படும் தேஜ்சிங், கப்பப் பாக்கி தொடர்பான பூசலில் ஆற்காட்டு நவாபு சதாத்துல்லா கானை எதிர்த்து 1714-இல் போர்க்களத்தில் மாண்டார். அவர் ஆட்சி ஓராண்டுகூட நீடிக்கவில்லை. ஆயினும் தன் திருமணத்தை விட்டு நண்பனுக்காகப் போருக்கு வந்த மோவுத்துகானோடு சேர்த்து, அந்த இளைஞனைத் தமிழ்நாட்டின் கதைப்பாடல் அரிய அன்போடு பாதுகாத்திருக்கிறது.

பிற்காலம்: 1750-இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையும் 1761-இல் ஆங்கிலேயரும் 1780-இல் ஐதர் அலியின் படையும் கோட்டையைக் கைப்பற்றின. புதுச்சேரிக் கடற்கரையிலுள்ள கருங்கல் தூண்கள் வெங்கடரமணர் கோயிலிலிருந்து சென்றவை எனப்படுகிறது.

அண்மைக்காலம்: கோட்டையை இந்தியத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. 2025 ஜூலையில், மராட்டியப் படைத்தளங்கள் என்ற தொகுதியின் 12 கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் உள்ளன.