சீனத் தொழிற்பூங்கா வருகிறது: எதைப் பார்த்து எடை போடுவது?

பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் 2023 மார்ச் இறுதியில் சீனா சென்று திரும்பியபோது, 19 புரிந்துணர்வு உடன்பாடுகள், 170.07 பில்லியன் ரிங்கிட் முதலீட்டு வாக்குறுதி என்ற செய்தி எல்லா நாளிதழ்களிலும் முதல் பக்கம் பிடித்தது. அதே ஆண்டு ஜூலையில் இன்னோர் அறிவிப்பு: தஞ்சோங் மாலிமில் ஜீலி நிறுவனம் 10 பில்லியன் அமெரிக்க டாலர் முதலீடு செய்யும், அங்கே உயர் தொழில்நுட்ப வாகனப் பள்ளத்தாக்கு உருவாகும். 2025 ஏப்ரலில் சீன அதிபர் ஸி ஜின்பிங் கோலாலம்பூர் வந்தபோது மேலும் பல உடன்பாடுகள் கையெழுத்தாயின.

பில்லியன் கணக்கைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. ஆனால் காப்பாரில் இரண்டு லோரி வைத்திருப்பவருக்கும், பிரிக்பீல்ட்ஸில் உணவு விநியோகத் தொழில் நடத்துபவருக்கும், பெஹ்ராங் பக்கம் எஸ்.பி.எம். முடித்த மகனை வைத்திருக்கும் தோட்டத்துத் தாய்க்கும் கேள்வி வேறு. இதில் எவ்வளவு உண்மையில் வரும்? வருவதில் நம் பங்கு என்ன?

இதற்குப் பதில் தேட, 10 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்ட ஒரு பூங்காவைப் பார்ப்பதுதான் நல்லது. அது குவாந்தானில் இருக்கிறது.

குவாந்தான் தந்த பாடம்

மலேசியா-சீனா குவாந்தான் தொழிற்பூங்கா, பகாங் மாநிலத்தின் கெபெங்கில், குவாந்தான் துறைமுகத்துக்கு அருகில் உள்ளது. 2013 பிப்ரவரி 5ஆம் தேதி அன்றைய பிரதமர் நஜிப் ரசாக்கும் சீனத் தலைவர் ஜியா சிங்லினும் அதைத் தொடக்கி வைத்தனர். அதற்கு ஓர் இரட்டைச் சகோதரன் உண்டு. சீனாவின் குவாங்சி மாநிலத்தில் உள்ள சின்சோ தொழிற்பூங்கா, 2012 ஏப்ரல் 1ஆம் தேதி அன்றைய சீனப் பிரதமர் வென் ஜியாபாவ் முன்னிலையில் தொடங்கியது. 'இரு நாடுகள், இரட்டைப் பூங்காக்கள்' என்று இதற்குப் பெயர். சின்சோ பூங்காவின் திட்டப் பரப்பு 55 சதுர கிலோமீட்டர். குவாந்தான் பூங்கா 1,500 ஏக்கரில் தொடங்கி, பிறகு ஏறக்குறைய 3,500 ஏக்கராக விரிந்தது; அதாவது சுமார் 14 சதுர கிலோமீட்டர். இரட்டையர் என்றாலும் உயரம் ஒன்றல்ல.

பூங்காவை மேம்படுத்தும் நிறுவனத்தில் மலேசியத் தரப்புக்கு 51 விழுக்காடு, சீனத் தரப்புக்கு 49 விழுக்காடு. குவாந்தான் துறைமுகத்தை நடத்தும் நிறுவனத்திலும் குவாங்சியின் பெய்பு வளைகுடா துறைமுகக் குழுமத்துக்கு 40 விழுக்காடு பங்கு உண்டு. ஆலை, துறைமுகம், கப்பல் வழி மூன்றும் ஒரே கைக்கு எட்டும்படி அமைந்திருப்பதே இந்தப் பூங்காவின் பலம். கச்சாப்பொருளை இறக்கவும் உருக்கை ஏற்றவும் அதிக தூரம் போக வேண்டியதில்லை. முதலீட்டாளர் கண்ணில் முதலில் படுவது வரிச்சலுகை அல்ல, இதுதான்.

வரிச்சலுகையும் தாராளமாகவே கொடுக்கப்பட்டது. 15 ஆண்டுகள் வரை முழு வருமான வரி விலக்கு, அல்லது 5 ஆண்டுகளுக்கு முழு முதலீட்டு வரிப்படி. இறக்குமதித் தீர்வை, முத்திரைத் தீர்வை விலக்குகள் தனி.

இவ்வளவு கொடுத்து வந்தது என்ன? இன்றும் அந்தப் பூங்காவின் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது ஒரே ஆலை: அலையன்ஸ் ஸ்டீல். சுமார் 5.6 பில்லியன் ரிங்கிட் முதலீடு, ஆண்டுக்கு 35 லட்சம் டன் உருக்கு உற்பத்தித் திறன், 2018இல் உற்பத்தி தொடக்கம். அறிவிப்போடு நின்றுவிடாமல் உண்மையில் புகைபோக்கி எழுந்த முதலீடு என்பதால் இதைக் குறைத்துச் சொல்ல முடியாது. கிழக்குக் கரை இளைஞர்கள் பலருக்கு அது சம்பளம் தரும் இடம்.

ஆனால் அந்த ஆலையைச் சுற்றி எழுந்த உயரமான சுவர், 2019 வாக்கில் நாட்டு அரசியலிலேயே பேசுபொருளானது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் குறை. சுவர் கட்ட அனுமதி இருந்ததா என்பதைவிட முக்கியமானது, உள்ளூர்க் குத்தகையாளருக்கு அந்தச் சுவரில் வாசல் எத்தனை என்பது. சீன ஆலைகள் பெரும்பாலும் இயந்திரம், பொறியாளர், உதிரிபாகம் எல்லாவற்றையும் தங்கள் நாட்டுத் தொடர்பிலிருந்தே கொண்டுவருகின்றன. உள்ளூருக்கு மிஞ்சுவது மண் வேலை, போக்குவரத்து, காவல், உணவு, துப்புரவு. இவை கேவலமான தொழில்கள் அல்ல. ஆனால் ஆலை கட்டி முடிந்ததும் பாதி வேலை கரைந்துவிடும்.

இன்னொரு சங்கடமும் வந்தது. நாட்டின் தேவைக்கு மேல் உருக்கு உற்பத்தித் திறன் பெருகிவிட்டது. 2023 ஆகஸ்டு 15 முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் புதிய இரும்பு, உருக்கு ஆலைகளுக்கு உரிமம் இல்லை என்று அனைத்துலக வாணிப, தொழில்துறை அமைச்சு தடை போட்டது. ஒரு கையால் அழைத்து, பத்தாண்டுக்குள் மறு கையால் நிறுத்த வேண்டி வந்த துறையை நம்பி ஒரு பூங்கா நிற்பது ஆபத்து. எனவே புதிய பூங்கா எது வந்தாலும் முதல் கேள்வி, 'எத்தனை பில்லியன்?' என்பதல்ல, 'அது செய்யப்போகும் பொருளை யார் வாங்குவார்?' என்பதே.

அறிவிப்பு வேறு, அங்கீகாரம் வேறு, ஆலை வேறு

மலேசிய முதலீட்டு மேம்பாட்டு வாரியமான மீடா 2023க்கு 329.5 பில்லியன் ரிங்கிட், 2024க்கு 378.5 பில்லியன் ரிங்கிட் என்று கணக்குச் சொன்னது. இரண்டுமே அந்தந்த நேரத்தில் சாதனை. ஆனால் அவை 'அங்கீகரிக்கப்பட்ட' முதலீடுகள். நிறுவனம் விண்ணப்பம் போட்டு வாரியம் ஒப்புதல் தந்தது என்று அர்த்தம். பணம் வந்துவிட்டது என்று அல்ல. புரிந்துணர்வு உடன்பாடு அதற்கும் ஒரு படி கீழே. அதைக் கல்யாணத்துக்கு முன் நடக்கும் பெண் பார்க்கும் படலத்தோடு ஒப்பிடலாம்: பலகாரம் சாப்பிட்டாயிற்று, நாள் இன்னும் குறிக்கவில்லை.

தஞ்சோங் மாலிமில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஜீலி 2017இல் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. அங்குள்ள ஆலையை மேம்படுத்த 1.2 பில்லியன் ரிங்கிட் போடப்பட்டு, 2019 டிசம்பரில் எக்ஸ்70 கார் உள்ளூரிலேயே தயாராகத் தொடங்கியது. 10 பில்லியன் டாலர் அறிவிப்புக்கு ஈராண்டுக்குப் பின், 2025 செப்டம்பரில் புரோட்டோனின் முதல் மின்சார வாகன ஆலை அதே இடத்தில் திறக்கப்பட்டது. தொடக்கத் திறன் ஆண்டுக்கு 20,000 கார்கள். முதலீடு 82 மில்லியன் ரிங்கிட். 10 பில்லியன் டாலரையும் 82 மில்லியன் ரிங்கிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது முழு நியாயம் ஆகாது. பெரிய திட்டம் பல ஆண்டுகளில் கட்டம் கட்டமாக வரக்கூடியது. இருந்தாலும், பெரிய எண்ணை நம்பி வீட்டை அடமானம் வைத்து லோரி வாங்க நினைப்பவர், இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு வங்கிக்குப் போகலாம்.

வரி விளையாட்டும் மாறிவிட்டது. 2025 ஜனவரி 1 முதல், உலக அளவில் ஆண்டுக்கு 750 மில்லியன் யூரோவுக்கு மேல் வருமானம் உள்ள பன்னாட்டு நிறுவனங்களுக்கு 15 விழுக்காடு குறைந்தபட்ச வரியை மலேசியா நடைமுறைப்படுத்தியுள்ளது. பெரிய நிறுவனத்துக்கு இங்கே முழு விலக்கு தந்தாலும் அந்த 15 விழுக்காட்டை எங்காவது கட்டியே ஆக வேண்டும். ஆகவே '15 ஆண்டு வரி இல்லை' என்ற தூண்டிலுக்கு முன்போல் ருசி இல்லை. இனி நிலம், மின்சாரம், துறைமுகம், திறன் உள்ள ஆட்கள் ஆகியவைதான் முதலீட்டைத் தீர்மானிக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா மலேசியப் பொருள்களுக்கு 19 விழுக்காடு வரி விதித்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கச் சந்தைக்காக மட்டும் சீனாவிலிருந்து இங்கே இடம் மாறும் ஆலை, அந்த வரி ஏறி இறங்கும்போது தானும் ஆடும்.

கிள்ளானுக்கு வரும் தண்டவாளம்

கிள்ளான் பள்ளத்தாக்கு வாசகருக்கு இது தூரத்துக் கதை அல்ல. கோத்தா பாருவிலிருந்து குவாந்தான் வழியாகப் போர்ட் கிள்ளான் வரை வரும் கிழக்குக் கரை ரயில் பாதையின் நீளம் 665 கிலோமீட்டர். 2017இல் தொடங்கி, 2018இல் நிறுத்தப்பட்டு, 2019இல் பேரம் பேசி மீண்டும் உயிர் பெற்ற திட்டம் இது. கோம்பாக் வரையிலான பகுதி முதலிலும், கோம்பாக்கிலிருந்து போர்ட் கிள்ளான் வரையிலான பகுதி அடுத்தும் சேவைக்கு வரும் என்பது திட்டம். குவாந்தான் ஆலைகளின் சரக்கு மலாக்கா நீரிணைப் பக்கமும், கிள்ளான் சரக்கு தென்சீனக் கடல் பக்கமும் ரயிலில் போக வழி பிறக்கும்.

கிள்ளான், காப்பார், மேரு வட்டாரத்தில் நம்மவர் கையில் இருக்கும் லோரித் தொழிலுக்கு இது இருமுனைக் கத்தி. நெடுந்தூரச் சரக்கு ரயிலுக்குப் போகலாம். நிலையத்திலிருந்து கிடங்கு வரையிலான குறுந்தூர ஓட்டம் கூடலாம். குவாந்தான் ஓட்டத்தை மட்டும் நம்பியிருப்பவர் இப்போதே கணக்குப் போட்டு வைப்பது நல்லது.

மறுபேச்சில் சேர்க்கப்பட்ட ஒரு விதி பலருக்கு நினைவில் இல்லை: கட்டுமான வேலைகளில் 40 விழுக்காடு உள்ளூர்க் குத்தகையாளருக்குப் போக வேண்டும். அப்படி ஒரு வரி எழுத்தில் இருந்தால்தான் உள்ளூர்க்காரர் கேட்க முடியும். தஞ்சோங் மாலிமானாலும் வேறெங்கானாலும், மாநில அரசிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேட்க வேண்டிய கேள்வி இது: உள்ளூர்ப் பங்கு எத்தனை விழுக்காடு, எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது?

வேலை எடுப்பவருக்கும் வேலைக்குப் போகிறவருக்கும்

துணைக்குத்தகை எடுக்கும் சிறு முதலாளிகளை அடிக்கடி விழுத்துவது நட்டமல்ல, தாமதமாக வரும் பணம். கட்டுமான வேலை என்றால் ஒரு கவசம் உண்டு. 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ள கட்டுமானத் தொழில் பணக்கொடுப்பு, தீர்ப்பளிப்புச் சட்டத்தின்படி, 'மேலே இருப்பவர் எனக்குக் கொடுத்தால்தான் உனக்குக் கொடுப்பேன்' என்ற நிபந்தனை செல்லாது. நீதிமன்றத்துக்குப் போகாமலே தீர்ப்பாளரிடம் முறையிடலாம். ஒரே நிபந்தனை: ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குரல் பதிவை நம்பி ஜேசிபியை இறக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. வேலை தரும் நிறுவனத்தின் இயக்குநர்கள், மூலதனம், கணக்கு ஆகியவற்றை மலேசிய நிறுவன ஆணையத்தில் சிறு கட்டணத்தில் எடுத்துப் பார்க்கலாம். அதைச் செய்யாமல் கையெழுத்துப் போடக் காரணமே இல்லை.

மூலதனம் வேண்டுவோருக்கு தெக்குன் வழியாக ஸ்புமி கடனும், பேங்க் ராக்யாட்டின் பிரீஃப்-ஐ திட்டமும் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே உள்ளன. ஆனால் குத்தகை உறுதியாகும் முன் கடன் வாங்குவது தலைகீழ் வரிசை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு: உற்பத்தி உரிமம் பெறும் நிறுவனத்தில் 80 விழுக்காட்டினர் மலேசியராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதன் அமலாக்கம் தள்ளித் தள்ளிப் போனது வேறு கதை. குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட்; 2025 பிப்ரவரியில் தொடங்கி ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் பொருந்துகிறது. வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை; 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குவோருக்கு மிகைநேர ஊதியம் சட்டப்படி உண்டு. முதலாளி எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. 1,700 வெள்ளி வேலையோடு நிற்காமல் மேலே போக வேண்டுமானால் மின்னியல், தானியக்கம், பற்றவைப்பு போன்ற திறன் சான்றிதழ்கள் தேவை. அட்டெக், தொழிற்பயிற்சிக் கழகங்கள், இளைஞர் திறன் பயிற்சிக் கழகங்கள் இவற்றைக் கற்பிக்கின்றன. கொஞ்சம் சீனமொழி பேசத் தெரிந்தால் மேற்பார்வையாளர் நாற்காலி பக்கத்தில் வரும். இது பலருக்குக் கசப்பாக இருக்கலாம், ஆனால் தொழிற்சாலைத் தளத்தில் நடப்பது அதுதான்.

நிலம் யாருடையது, வீடு யாருடையது

பூங்காவுக்கு நிலம் வேண்டும். மேற்குக் கரையில் பெரிய அளவில் சமநிலமாகக் கிடைப்பது பெரும்பாலும் செம்பனைத் தோட்டம்தான். 1990களில் புத்ராஜெயாவுக்காக பிராங் பெசார், காலோவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் மக்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டதும், விரிசல் விட்ட அந்தக் கட்டடங்களில் சொந்தத் தரைவீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததும் இந்த வட்டாரத்தில் யாரும் மறக்காத கதை.

1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் இழப்பீடு, நிலத்தில் பதிவுபெற்ற உரிமை உள்ளவருக்கே போகிறது. தோட்டம் விற்கப்பட்டாலும் எடுக்கப்பட்டாலும் பணம் கம்பெனிக்கு. மூன்று தலைமுறையாக லயத்து வீட்டில் இருப்பவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அவருக்குச் சட்டம் உறுதியாகத் தருவது வேலைநிறுத்த இழப்பீடுதான். 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, 12 மாதத்துக்கு மேல் இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குக் குறைவு என்றால் 15 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். 30 ஆண்டு உழைத்தவருக்கு 600 நாள் சம்பளம். அதில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டின் முன்பணம் தேறலாம், வீடு தேறாது.

ஆகையால் வீட்டுக்கான உறுதி, நிலம் கைமாறுவதற்கு முன்பே, மாநில அரசும் நிறுவனமும் கையெழுத்திட்ட தாளில் வர வேண்டும்: எந்த இடத்தில், எத்தனை அறை, என்ன விலை, எந்தத் தேதிக்குள். மண்வாரி உள்ளே வந்தபின் பேரம் பேசும் பலம் தொழிலாளியிடம் இருப்பதில்லை. தோட்டத்துக்குள் நில அளவையாளர் தென்பட்டால் மாவட்ட நில அலுவலகத்தில் அந்த நிலத்தின் நிலவரத்தைக் கேட்கலாம். நில எடுப்பு அறிவிப்பு அரசு இதழில் வெளியாகியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். சம்பளச் சீட்டு, வேலைக்குச் சேர்ந்த தேதிக்கான கடிதம், சேமநிதி அறிக்கை ஆகிய மூன்றையும் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொள்வது அன்றைய முதல் வேலை.